வாங்கிக்கொண்டு போகிறவருக்கு

ரசீதில் கையெழுத்துப் போட்டாயிற்று, திருமதி ஹால்வர்சன்.
சாவி இரண்டு. ஒன்று கதவுக்கு.
மற்றது எதற்கென்று
பன்னிரண்டு வருடமாக எனக்கும் தெரியாது.

நீதிமன்றம் டிரக்கை கேலனுக்கும்
டிரெய்லரை எனக்கும் பிரித்துக் கொடுத்தது.
மைல்ஸ் சிட்டிக்கு வெளியே இந்தச் சரளைத் திடலில்
இழுக்க ஒன்றுமில்லாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு
மொன்டானா குளிர்காலம் ஒன்று முழுக்க நின்றது.
அதனால்தான் விலை குறைவு, வேறு கோளாறில்லை.
கூரையில் ஒரு ஒட்டு உண்டு. சொல்லிவிட்டேன்.

உங்களோடு வந்திருப்பவர் தம்பியா கணவரா
நான் கேட்கவில்லை. அவரும் கேட்கட்டும்.

டிரக்கைப் பின்னால் எடுக்குமுன் அதன் பின்கதவை இறக்குங்கள்.
சிரிக்காதீர்கள், எல்லோரும் ஒருமுறை இடிப்பார்கள்.
டிரெய்லரின் முன்தட்டு
ஹிட்ச்சைவிட ஒரு விரல் தாழ்ந்திருக்கட்டும்,
உரசி ஏறி உட்கார வேண்டும்.
உயரத்தில் வந்தால் தாடை கவ்வியதுபோல் சத்தம் வரும்,
கவ்வியிருக்காது.
டார்ச் அடித்துப் பாருங்கள். குனிந்து பாருங்கள்.
வயரை மாட்டி, முன்கால்கள் தரையைத் தொட்டிருக்கும்போதே
டிரெய்லர் பிரேக்கை அழுத்திக்கொண்டு
டிரக்கை ஒரு இழு.
கழன்றால் அங்கேயே கழலட்டும்.

பீட் கிழங்கு அறுவடைக்கு வடக்கே போன வருடம்
கேலன் இழுத்துப் பார்க்கவில்லை.
'சத்தம் கேட்டதே' என்றார்.
முன்பாரம் முழுதும் டிரக்கின் பக்கச்சுவர்மேல் இறங்கியது.
அதன்பின் நூற்றிருபது மைல் நாங்கள் பேசவில்லை.
அந்த நெளிவு டிரக்கில் இருக்கிறது,
அது அவர் பங்கு.

திருப்பத்தில் அவசரம் வேண்டாம்.
சந்தியின் நடுவரை நேராகப் போய், பிறகு ஒடியுங்கள்.
பின்சக்கரங்களுக்குக் குறுக்குவழிதான் பிடிக்கும்.
வலப்பக்கம் அந்த மஞ்சள் கீறல்
பெட்ரோல் பங்க் தூணுடையது. அதை ஓட்டியது நான்.

ரிவர்ஸில் ஸ்டியரிங்கை அடியில் பிடியுங்கள்,
டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ
கை அந்தப் பக்கம்.
பின்னால் நின்று கை காட்டுகிறவர்
கண்ணாடியில் தெரியவேண்டும்.
தெரியாவிட்டால் நிறுத்துங்கள்.
நான் தெரியாதபோதும் கேலன் நிறுத்தியதில்லை.

இடம் சேர்ந்ததும் ரசமட்டத்தை எடுங்கள்,
கரண்டி இழுப்பறையில் இருக்கிறது.
முதலில் இடம் வலம், பிறகுதான் முன் பின்.
வரிசை மாறினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.
தாழ்ந்த பக்கத்துச் சக்கரம் இரண்டுக்கும் அடியில் பலகை,
ஒன்றுக்கு மட்டும் வைத்தால் அச்சு கோபித்துக்கொள்ளும்.
சக்கரங்களுக்கு அணை கொடுக்காமல்
தாடையைத் திறக்கவே கூடாது.
சாய்ந்து நின்றால் ஃபிரிட்ஜ் குளிராது,
குளித்த தண்ணீர் மூலையிலேயே நிற்கும்,
இரவெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் உருள்வீர்கள்.
முதல் வருடங்களில் அதற்காகவே
நாங்கள் பலகையைத் தேடாமல் படுத்ததுண்டு.

மட்டம் பார்க்கும்போது ஒருவரையொருவர் மட்டம் தட்டாதீர்கள்.
மழையில் இன்னொரு பலகை எடுத்துவர
ஆள் வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று.
டிரக் விலகுமுன், முன்கால்கள் எந்த உயரத்தில் நிற்கின்றனவென்று
மெழுகுக் கிரேயானால் ஒரு கோடு போடுங்கள்.
பிறகு மட்டத்துக்காக ஏற்றுங்கள், இறக்குங்கள்.
கிளம்பும் நாளில் அந்தக் கோட்டுக்குத் திரும்பினால்
டிரக் நேராக வந்து சேர்ந்துகொள்ளும்.
ஒவ்வொரு திடலிலும் புதுக்கோடு.

இப்போது காலில் ஒரு சிவப்புக் கோடு தெரிகிறதல்லவா,
போன அக்டோபரில் அவர் போட்டது.
அதை நம்பி இன்று ஏற்றாதீர்கள்,
அது அவருடைய டிரக்கின் உயரம்.
ஈரத்துணியில் போகாது, பார்த்துவிட்டேன்.
தின்னர் சிங்க்குக்கு அடியில்,
இடது பக்கம்.