கூறு அறுபது

தேதி இருபத்தெட்டு.
பர்ஸில் ஒரு நூறு, ரெண்டு பத்து,
செல்லோடேப் ஒட்டிய ஒரு இருபது.
விசைப்படகெல்லாம் உப்பனாற்றில்
கயிற்றோடு கிடக்கின்றன. தடைக்காலம்.
துறைமுகத்தில் ஒரே ஒரு வஞ்சிரம்
யாரோ கல்யாண வீட்டுக்காரர்களுக்காக
ஐஸில் காத்திருக்கிறது.
நகைக்கடையைத் தாண்டுகிற அதே நடையில்
அதைத் தாண்டினேன்.

கடைசியில் உட்கார்ந்திருப்பவள் அஞ்சாலாட்சி.
விடியலில் ஃபைபர் படகில் வந்த கவலை மீன்
தார்ப்பாயில் கூறு கூறாக.
"அறுபதுக்குக் கவலை வேணுமா?"
"எங்க வீட்ல நெறைய இருக்கு, சும்மாவே தர்றேன்."
இந்தப் பதிலை இன்றைக்கு மட்டும்
பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
நாலு மீன் கூடப் போட்டாள்.

வீட்டில் இருக்கும் கவலையின் பெயர் தேசிங்கு.
சிப்காட்டில் ரெண்டாம் ஷிப்ட்.
கூட வேலை பார்க்கிறவன் கடனுக்கு
ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு
அதைச் சனிக்கிழமை காலை
பல் தேய்த்துக்கொண்டே சொன்னவர்.
நாலு நாளாக எங்கள் பேச்சு
மகள் வழியாகப் போய் வருகிறது.
"கேஸ் புக் பண்ணியாச்சான்னு கேளு."
"பண்ணியாச்சுன்னு சொல்லு."
ஒன்பது வயது மதிவதனி
தபாலுக்கு ரெண்டு ரூபாய் கேட்கிறாள்.

கல்லுப்பு போட்டு மண்சட்டியில் உரசினால்
செதில் தானாக விடும்.
தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூட வரும்.
ஒரு செதில் தெறித்து
வாட்ச் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்.
ஏழரை மறைந்துபோனது.
மறையட்டும் என்று விட்டுவிட்டேன்.

நல்லெண்ணெயில் வெந்தயம் சிவந்தால் போதும்.
பூண்டு உரிக்கப் பொறுமையில்லை,
தோலோடு தட்டிப் போட்டேன்.
எலுமிச்சை அளவு புளி என்பார்கள்;
எலுமிச்சை ஒன்று எட்டு ரூபாய் விற்கும் மே மாதத்தில்
எந்த எலுமிச்சை என்று சொல்வதில்லை.
எதிர்வீட்டு மாங்காய் எங்கள் பக்கம் விழுந்தது.
எனவே எங்களுடையது.
மீன் கடைசியில்.
போட்டபின் கரண்டிக்கு வேலையில்லை,
துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுற்று, அவ்வளவுதான்.
கிளறினால் உடையும்.
(இது எனக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்திருக்கலாம்.)

மீதி மீனுக்கு மிளகாய்த்தூள், உப்பு,
ஒரு பிடி அரிசிமாவு, மூன்று ஸ்பூன் எண்ணெய்.
தோசைக்கல்லின் விளிம்பில் வால்கள்
டவுன் பஸ் ஜன்னலில் கைகள் மாதிரி
வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

பத்தே முக்காலுக்கு வந்தார்.
மதி தூங்கிவிட்டாள். இனி தபால் இல்லை.
ரெண்டு தட்டு, நடுவில் சட்டி.
முள்ளு மீன் தின்கிற வாய்க்குப்
பேச்சு ஆகாது.
நாலு நாள் மௌனத்துக்கு
முதல்முறையாக ஒரு நியாயமான காரணம் கிடைத்தது.
ஃபேன் மட்டும் கடகடத்தது.

வறுத்த மீன் ஒன்றின் நடுமுள்ளை
வாலோடு உருவி எடுத்து
சதையை என் தட்டின் பக்கம் தள்ளினார்.
பார்க்காத மாதிரி தின்றேன்.
குழம்பில் கிடந்த மாங்கொட்டையை
அவர் பக்கம் நகர்த்தினேன்;
சப்பும் சத்தம் எனக்குப் பிடிக்காது,
அவருக்குத் தெரியும்.

கையெழுத்து கையெழுத்துதான்.
அஞ்சாம் தேதி வட்டிக்காரன் ஃபோன் வரும்.
சட்டியில் நாளைக்காக ரெண்டு மீன்
புளியில் ஊறிக்கொண்டிருக்கிறது.

"உப்பு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர்
நிறுத்தித் தொண்டையைச் செருமினார்.
"முள்ளா?" என்றேன்.
"இல்ல."
எதற்கும் இருக்கட்டுமென்று
வெறுஞ்சோற்றை உருட்டி நீட்டினேன்.
வாங்கி,
மெல்லாமல் விழுங்கினார்.