முப்பத்தொன்றாவது செக்கன்

ஐந்தரைக்கட்டை என்பது
ஆளின் பெயரா, இடமா, சுருதியா
மூன்று வருடமாய் இதிலேயே நிற்கிறோம்.
கண்டி வீதியில் ஐந்தாம் கட்டை தாண்டினால்
ஒரு கராஜ் இருந்தது,
அங்கேதான் தொடக்கம் என்பான் றிஸ்மின்.
ஆர்மோனியத்தைத் திறந்து பார் என்பாள் ஜெனிற்றா.
முகம் ஒருவருக்கும் தெரியாது.
அட்டையில் ஒரு முதுகு;
இரண்டாவதில் முதுகும் இல்லை, வெறும் கதிரை.

உட்துறைமுக வீதி,
படகு எஞ்சின் திருத்துகிற என் கடை.
ஆறரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கினால்
நாங்கள் நாலு பேரும்
மீன் அடைக்கிற றெஜிபோம் பெட்டிக்குள்
நான் பொருத்திய வான் ஸ்பீக்கரும்.
பேஸ் அடித்தால் மேசையில் நட்டுகள் நகரும்.
சுலக்சன் அவற்றைப் பார்த்துத்தான் மார்க் போடுவான்.

முதலாவது இறுவட்டு, சந்தேகமில்லை, எங்களுடையது.
அடியில் ஓடும் அந்த உறுமல்
டீசலில் ஊறிய கயிறு இழுபடுகிற மாதிரி.
இரண்டாவதை ரொறன்ரோவில் கழுவி எடுத்தார்கள்.
"ட்ரம்முக்கு அயன் பண்ணியிருக்கு" என்றான் சுலக்சன்.
"உனக்கு ஊத்தையா இருந்தாத்தான் உண்மை."
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
இரத்தம் பிரிக்கிறவள் ஜெனிற்றா;
சுத்தத்தின் பக்கம்தான் நிற்பாள்.

மூன்றாவது வைகாசியில் என்றார்கள்.
பிறகு ஆனி.
ஆடியில் ஆர் நல்ல காரியம் செய்வார் என்று
நாங்களே மன்னித்தோம்.
ஆவணியும் போனது.
பாடகி ஒருத்தி சேர்ந்திருக்கிறாள் என்று கேள்வி.
"முடிஞ்சுது கதை" என்றான் றிஸ்மின்.
"ஏன், பெட்டை பாடினா
உங்கட பேஸ் கரைஞ்சு போயிடுமோ?"
அதற்குப் பதில் எங்களிடம் இல்லை.
தேநீர் இருந்தது.

போன ஞாயிறு இரவு
நாற்பது செக்கன் மட்டும் வெளியே விட்டார்.
பாடகி மூச்சை இழுக்கிறாள், பாடவில்லை.
அந்த இடைவெளியில், முப்பத்தொன்றில்,
லொறி ஒன்று பின்னுக்கு வருகிற பீப்.
ஏழாவது பீப் தொண்டை அடைத்துக்
கால் சுரம் இறங்குகிறது.

நான் ஸ்பனரைக் கீழே வைத்தேன்.

அது குகராசா அண்ணையின் ஐஸ் லொறி.
லைற்றுக் கம்பத்தில் மோதிய நாளிலிருந்து
ஏழாவதில் அது அப்படித்தான் அழும்.
உலகத்தில் வேறெந்த லொறியும்
அப்படி அழாது என்று சொல்லமாட்டேன்.
ஆனால் பதினொரு தரம் போட்டுக் கேட்டோம்.
பதினொரு தரமும் எங்கள் வீதி.

அப்படியென்றால் வந்து நின்றிருக்கிறார்,
விடிய நாலரைக்கு, ஐஸ் இறக்கும் நேரம்.
மீற்றர் வாசிக்க வருகிற மனிதரா,
லொத்தர் விற்கிறவரா,
பிளேன்ரீக்குச் சீனி வேண்டாம் என்கிற
கடற்படைப் பொடியனா?
சட்டைப் பையில் போனை
நிமிர்த்தி வைத்திருக்கும் எல்லோரையும் முறைக்கிறோம்,
பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று,
சிரித்து வைக்கிறோம்.

இந்தக் கிழமை எங்கள் நடத்தை சரியில்லை.
றிஸ்மின் ஓட்டோ ஹோனைத் தாளத்தில் அடிக்கிறான்.
ஜெனிற்றாகூட, சத்தியமாக,
மழையில்லாமல் குடையை மூன்று தரம்
விரித்து மடக்கினாள்.
நான் எஞ்சினைத் திருத்தி முடித்த பிறகும்
கொஞ்சம் இருமவிட்டுத்தான் கொடுக்கிறேன்.
பீப்பை மாற்றப் போகிறேன் என்றார் குகராசா அண்ணை.
காலில் விழாத குறை.
ஏன் என்று அவருக்குச் சொல்லவும் தெரியவில்லை.

பத்து மணி. ஷட்டரைப் பூட்ட வந்தால்
கோட்டைப் பக்கத்து மான்கள் ஐந்து
வீதியைக் கடக்கின்றன,
ஒன்று வாயில் லஞ்ச்ஷீற்றோடு.
தார்மேல் குளம்புகள்,
ஒழுங்கில்லாமல்,
எந்தக் கட்டையிலும் சேராமல்.

றிஸ்மின் எஞ்சினை நிறுத்தினான், லைற்றையும்.
ஜெனிற்றா கையைத் தூக்கினாள்.
ஒருவரும் மூச்சு விடவில்லை:
எங்காவது நின்று எடுத்துக்கொண்டிருந்தால்
சுத்தமாக எடுக்கட்டும் என்று.

சுலக்சன் தும்மினான்.