கடைசி ஸ்டாப்

மத்திகிரி வாடகை வீட்டில்
சாப்பாட்டு மேசை முழுக்க அந்தக் கம்ப்யூட்டர்.
எனக்கும் கெம்பராஜுக்கும்
ஆறு வாரமாய்த் தரையில்தான் சோறு.

பாகலூர் ரோடு பழைய இரும்புக் கடையில்
எடைக்கு எடுத்தது.
என்னைவிட நாலு வயது மூத்தது.
முகப்பில் வரிசையாய்ச் சிவப்பு விளக்குகள்,
முதுகில் நூறு கம்பிகள்,
ஒன்றையொன்று தொடாமல்
ஒன்று பேசுவதை ஒன்று ஒட்டுக்கேட்டபடி.

ஐம்பத்தைந்து என்று எழுதிவைப்பேன்.
ஐம்பத்தேழு என்று திருப்பித் தரும்.
எப்போதும் இல்லை,
எப்போதாவது.
சிப்காட்டில் பகலெல்லாம்
மீட்டர் போர்டு சோதிப்பவள் நான்.
எப்போதும் தப்பென்றால் பிடித்துவிடுவேன்;
நாலாயிரம் தடவை நிஜம் சொல்லி
ஒரு தடவை புளுகுகிறதை
எந்த இடுக்கியால் பிடிப்பது?

மின்விசிறியை நிறுத்தினேன்.
ஃபிரிட்ஜை நிறுத்தினேன், பால் திரிந்தது.
மோட்டாரைச் சந்தேகித்து
மாடிவீட்டுச் சௌடம்மாவிடம் போய் நின்றேன்.
கன்னடத்தில் திட்டினார்,
தெலுங்கில் காபி கொடுத்தார்.
சிப்புக்குச் சிப்பு
துவரம்பருப்பு அளவில் கெப்பாசிட்டர் வைத்தேன்.
பாதி இரைச்சல் அடங்கியது.

"பஸ்ஸில்தான் கோளாறு" என்றேன்.
"எந்த ரூட்?" என்றார் கெம்பராஜ்,
தளி டவுன்பஸ் கண்டக்டர்,
தோள்பையைக் கழற்றாமலே.

ஸ்கோப்பில் காட்டினேன்.
ஒரு துடிப்பு கிளம்புகிறது,
இருபத்திரண்டு சொருகுவாய்களைக் கடக்கிறது,
கடைசியில் வாங்கிக்கொள்ள ஆளில்லை.
வந்த வழியே திரும்புகிறது.
எதிரே வரும் அடுத்த துடிப்பில் முட்டி
விளிம்பெல்லாம் நடுங்குகிறது.

வெகுநேரம் பார்த்தார்.
"கடைசி ஸ்டாப்புல இறக்கி விடலேன்னா
அதே ஆளுங்கதானே திரும்பி வருவாங்க.
தூங்கிக்கிட்டே ரெண்டு ட்ரிப் அடிச்சவன் இருக்கான்."

அன்றிரவு
கம்பிக்குக் கம்பி முனையில் இறக்கிவிட்டோம்:
மேலே இருநூற்றிருபது ஓம்,
கீழே முந்நூற்று முப்பது,
நடுவே மூன்று வோல்ட்டில்
உட்கார ஓர் இடம்.
கடிகாரக் கம்பிக்கும் அதன் அண்டைக்கும் இடையே
தரையோடு சேர்த்த செம்புக்கம்பி ஒன்று,
அடிக்கடி சண்டைபோடும் இரண்டு சீட்டுக்கு நடுவே
அவர் போய் நின்றுகொள்வதுபோல.
டார்ச் பிடித்தவர் ஈயப்புகைக்கு இருமினார்.
கை ஆடவில்லை.

விடிகாலை நாலரை.
ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து.
எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தேன்.

சௌடம்மா மோட்டார் போட்டார்.

ஐம்பத்தேழு.

முதல் ட்ரிப்புக்குக் காக்கி மாட்டிக்கொண்டே
கெம்பராஜ் எட்டிப் பார்த்தார்.
"ஒரே ஒரு வித்தவுட்டுதானே,
செக்கிங் வந்தா பார்த்துக்கலாம் விடு."