சிவப்பு இலக்கங்கள்

பரிசோதனைத் தாளில் நைட்ரேட் எழுபத்தொன்று.
ஐம்பதுக்கு மேல் ஆகாதென்று
பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது.
பதினாறு வருஷமாய்க் குடிக்கிறோம், யாருக்கு என்ன ஆயிற்று
என்றார் குலேந்திரன்,
தாளை பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியபடி.
அன்றிரவே சோற்றுக்குப்
போத்தல் தண்ணீர் ஊற்றினார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள்.
மூடப் போனால் புறப்படுவது விண்ணப்பப் படிவம்.
மூன்று படிவம், வரைபடம் இரண்டு பிரதி.
ஒன்பதாயிரத்து நானூறு பவுண்டு என்றொரு கடிதம்,
அடியில் "அன்புடன்".

பெருங்குழாய் ஓடுவது ஹெரிஃபர்ட் போகும் சாலையோரம்.
நடுவே திருமதி பிரோசரின் வயல், நூற்று நாற்பது மீட்டர்.
அந்த வயலுக்கு இட்ட உரந்தான்
எங்கள் கிணற்றில் எழுபத்தொன்றாய் இறங்கியது.
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அவளுடைய சமையலறை மேசையில் இருவரும்
அதைத் தவிர எல்லாம் பேசினோம்.
"ஆடுகள் ஈன்று முடியட்டும், பிறகு தோண்டிக்கொள்" என்றாள்.
காசு கேட்கவில்லை.
நானும் எழுபத்தொன்றைக் கேட்கவில்லை.

மே மாதம் வந்தான் லாய்ட், சின்ன மஞ்சள் இயந்திரத்தோடு.
முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ் ஒரு பள்ளம்.
நீலக் குழாய் சுருண்டே பழகியது,
நேராகப் படுக்க மாட்டேன் என்றது.
குலேந்திரன் அதன் ஒரு முனையில் ஏறி நின்றார்.
சைடர் ஆலை மூடியபின்
அவர் ஒரு வேலையில் ஏறி நின்றதை
அன்றுதான் பார்த்தேன்.

மேற்பார்வைக்கு வந்த பெண் கறாராகச் சொன்னாள்:
இரண்டு தண்ணீரும் ஒரு வீட்டுக்குள் சந்திக்கவே கூடாது.
சண்டைபிடித்த சம்பந்திகளைச் சொல்வதுபோல் சொன்னாள்.

பம்ப் வெளியே வந்து
சேற்று வாலோடு புல்லில் கிடந்தது.
கழுவிய கூழாங்கல் பத்து டன்.
முதல் கல்லுக்குச் சத்தம் வர நேரமாயிற்று;
பிறகு அவ்வளவு நேரமாகவில்லை;
பிறகு கல்மேல் கல் விழும் சத்தம்தான்.
மேலே களிமண். அதன்மேல் மண்.
பிரோசர் வீட்டு நாய் முகர்ந்துவிட்டுப் போயிற்று.

புதுத் தண்ணீரில் நீச்சல் குளத்தின் வாசம்.
குடத்தில் ஒரு ராத்திரி வைத்தால் போய்விடும் என்றார்கள்,
போயிற்று.
பொய் சொல்லக்கூடாது, ரசம் நன்றாகவே இருந்தது.

வீடுதான் ஊமையாயிற்று.
அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

முன்பு யார் குழாயைத் திறந்தாலும்
கொட்டிலில் பம்ப் கனைக்கும்.
மாடியில் படுத்திருக்கும் என் முதுகுக்கு அது தெரியும்.
முதுகுவலி என்று அவர் கீழே சோபாவுக்குப் போனதிலிருந்து
இரவு மூன்றுக்கு ஒரு கனைப்பு.
மூன்றேகாலுக்கு மறுபடி.
குடித்த தண்ணீர்; கழுவிய குவளை.
நான் இறங்கிப் போய்க் கேட்டதில்லை.
கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது தண்ணீர்
யாருக்காக வருகிறதென்று சொல்லாமல் வருகிறது.

நேற்றுப் படுக்குமுன் டார்ச்சோடு
சாலையோரப் புல்லில் மண்டியிட்டு
மீட்டர் மூடியைத் திறந்தேன்.
கறுப்பு இலக்கம் கன மீட்டருக்கு, சிவப்பு லிட்டருக்கு.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்: 618.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றவர்கள்
இதை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விடிந்ததும் மறுபடி போனேன்.
மூடிக்குள் ஒரு நத்தை, அதற்குக் கீழே
627.

கழிப்பறைக்கு ஆறு போகட்டும்.
மூன்று மிச்சம்.
ஒரு குவளைக்கு மூன்று லிட்டர் அதிகம்.

நனைந்த முழங்கால்களோடு உள்ளே வந்து
கேத்தலை நிரப்பினேன்.
அவர் முன் தேத்தண்ணீரை வைத்துவிட்டு
எப்போதும்போல் போகாமல் உட்கார்ந்தேன்.

"ஒன்பது லிட்டர்" என்றேன்.

அவர் என் கையை இழுத்துத் திருப்பி
அழியாமல் கிடந்த எண்ணைப் படித்தார்.