இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரம்

ஹோஹன்லிம்பூர்க். ரயில் பாலத்தடி.
ஓப்பல் ஒன்று நனைந்தபடி நிற்கிறது.
வெள்ளி நிறம் என்கிறது பத்திரம். எனக்கு
மாத்தட்டு கழுவி ஊற்றிய தண்ணீரின் நிறம்.

"அம்மா, இது பூமியை ஏழு தரம் சுற்றி
எட்டாவது சுற்றில நிக்குது" என்கிறான் ஆரூரன்,
கைபேசியில் வகுத்துப் பார்த்துவிட்டு.
பூமியை எங்கே சுற்றியது?
ஹாகனுக்கும் இசர்லோனுக்கும் இடையில்
இந்த மனிதர் கதவுக் கைபிடி விற்றிருக்கிறார்,
பதினேழு வருடம்.

பேக்கரியில் மாவு மூன்றரைக்கு எழும்பும்.
முதல் பஸ் நாலு ஐம்பத்திரண்டுக்கு.
இடையில் கிடக்கும் இருட்டை
இரண்டு வருடம் சைக்கிளில் கடந்தேன்.
போன தை மாதம் பனிக்கட்டியில் மணிக்கட்டு.
நாற்பத்துநாலு வயதில் லைசன்ஸ்,
மூன்றாம் தரம் ஓடிக் காட்டி.

டோர்ட்முண்டிலிருந்து நவம் அத்தான்:
"ரெண்டு லட்சம் தாண்டினதை ஆரும் வாங்குவினமே?
அது கார் இல்லைப் பிள்ளை, கடன்."
அவருடையது புத்தம் புதிது. எண்பத்துநாலு தவணை.
அது என்னவென்று நான் கேட்கவில்லை.

தானம் வந்த மாடில்லையே,
பல்லைப் பிடித்துப் பார்த்தோம்.
எண்ணெய்க் குச்சியை இழுத்துத் துடைத்து, விட்டு, மறுபடி இழுத்து;
சில்லுக்கு மேலே துருவை நகத்தால் சுரண்டி;
எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று உள்ளங்கை வைத்து
(சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்களாம்.
ஆரூரனின் பட்டியலில் ஒன்பதாவது).
திறப்பைத் திருகினேன். இருமியது.
பிறகு ஒரே சுருதியில் முனகியது.

இந்த இடத்தில் என் உடம்பை இழுத்து வந்து
நானும் ஓடித் தேய்ந்த வண்டிதான் என்று எழுதலாம்.
எழுதமாட்டேன்.
எனக்கு சேர்விஸ் புத்தகம் இல்லை.

இதற்கு இருக்கிறது.
ஒரே கராஜ், ஒரே நீல மை, முத்திரை முத்திரையாய்
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வரை.
அதற்குப் பிறகு வெறுந்தாள்.

"டைமிங் பெல்ட் மாற்றினீர்களா?"
க்ரோனே தொப்பியைக் கழற்றினார்.
நெற்றியில் வழிந்த மழையைத் துடைக்கவில்லை.
"தெரியாது" என்றார்.
"மனைவிதான் கொண்டுபோய் விடுவாள். அவள் போனபிறகு
எண்ணெய் மட்டும் நானே மாற்றினேன். எழுதி வைக்கவில்லை."
போனது எங்கே என்று அவர் சொல்லவில்லை.

இதற்குமுன் மூன்று கார் பார்த்தேன்.
மூன்று பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.
ஒருவன் சத்தியம் செய்தான்:
ஓய்வூதியக்கார அம்மாள் ஒருத்தி
ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் ஓட்டினாளாம்.
பிரேக் மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது.
அப்படி மிதித்து அவள்
எந்தத் தேவாலயத்துக்குப் போனாளோ.

தெரியாது.
எல்லாவற்றுக்கும் காகிதம் உள்ள நாட்டில்
காகிதமில்லாத ஒரு சொல்.
பெல்ட் அறுந்தால் எஞ்சினும் போச்சு,
அதையும் அவரேதான் சொன்னார்.

கைப்பைக்குள் சீட்டுக் காசு, ஆயிரத்து எண்ணூறு.
கழிவு கூட்டிக் கேட்டு
மற்றவர்கள் வாய்க்குள் சிரிக்க நான் முந்தி எடுத்தது.
அவர் விலை ஆயிரத்து எழுநூறு.
பெல்ட்டுக்கு அறுநூறு கழித்தேன்.
"ஆயிரத்து நூறு."

பாலத்தின் மேல் சரக்கு ரயில்.
அது போய் முடியும்வரை மூவரும் காரையே பார்த்தோம்,
இப்போது அதுதான் பேசவேண்டும் என்பதுபோல.

"ஆயிரத்து நூற்றைம்பது. நம்பர் பலகை
ஒரு கிழமைக்கு என் பெயரில் இருக்கட்டும்."
பின்னாலிருந்து மாதிரிப் பெட்டியைத் தூக்கினார்.
உள்ளே பித்தளைக் கைபிடிகள்
ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

கராஜுக்கு நாலு கிலோமீற்றர், முழுக்க மேடு.
பெல்ட் இருக்கும் பக்கம் காதைக் கொடுத்து ஓட்டினேன்.
ஆரூரன் ரேடியோவைத் தொடவேயில்லை.
தொலைபேசி இரண்டு தரம் அதிர்ந்தது, அத்தானாக இருக்கும்.
சிவப்பு விளக்கில் நின்றபோது எண்ணைப் பார்த்தேன்.

கடைசி மூன்று கிலோமீற்றர் என்னுடையது.