மிளகு

மூன்று பட்டத்துக்குள் விளைச்சல் காட்டாவிட்டால்
நிலம் சர்க்காருக்கே திரும்பும் என்று
ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வாசித்தபோது
நீ காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தாய்.
அப்படித்தான் உன்னை முதலில் பார்த்தேன், கலிவரதா:
குனிந்த தலை, ஊக்கு, ரத்தம்,
காதில் எதுவுமே ஏறாத முகம்.

பண்ருட்டிக்குக் கிழக்கே செம்மண் மேடு.
பதினெட்டுக் குடும்பம், பதினெட்டு அளவுகல்.
உன்னுடையது பதினொன்று, எங்களுடையது பன்னிரண்டு.
நடுவில் ஒரு சூரைப்புதர்
யாருக்கும் சொந்தமில்லாமல்
இருவரையும் கிழித்தது.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில்
வைக்கோல் சுற்றிப் படுத்திருந்தார் அந்தோணியார்.
கோயில் எழும்பும்வரை கரையான் அண்டாமல்
வேப்பிலை போட்டு வைத்தோம்.
உன் சாமிக்குப் பெட்டியும் இல்லை.
கீற்றுக் கொட்டகையின் நடுக்காலில்
சுண்ணாம்பு தீர்ந்துபோய்ப் பாதியில் நின்ற நாமம்.
ஒற்றைக்கால் நாமமா என்று கேட்டேன்.
"மழை வரட்டும், மீதியைப் போடுவோம்" என்றாய்.
அன்றைக்கு வந்த சிரிப்பு
ராத்திரி நரி ஊளையிடும்வரை எனக்குள் இருந்தது.

காதல் என்று பேர் வைக்க நேரமில்லை.
நீ வெட்டிய கட்டையை நான் அடுக்கினேன்.
முந்திரிக் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர்,
கெடிலத்திலிருந்து இரண்டு மைல்.
என் கன்றுக்கு ஊற்றிய மிச்சத்தை
உன் பக்கம் ஊற்றினேன்.
பிறகு ஒரு நாள்
உன் கன்றுக்கு ஊற்றிய மிச்சத்தை
என் பக்கம் ஊற்றினேன்.
அப்பா பார்த்தார். பேசவில்லை.
ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை மட்டும் நீளமாக்கினார்.

கடலூரிலிருந்து சாமியார் சைக்கிளில் வந்தார்.
"முதலில் அவன் தலையில் தண்ணீர், பிறகு தாலி."
"இங்கே தண்ணீர் ஏது சாமி?" என்றாய்.
கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாய்.
உன் அண்ணன் திருவந்திபுரத்தில் முகூர்த்தம் குறித்து வந்தான்.
"பேரை மட்டும் மாத்திக்கட்டும், போதும்" என்றான்.
மதலேனாள் என்ற பேருக்கு அப்படி என்ன கேடு?

கிணறு முதலில், என்றேன்.

இருபது முழம் செம்மண். அப்புறம் சுக்கான்.
அதற்கும் கீழே பால் போல வெள்ளைக் களிமண்,
ஒரு சொட்டு ஈரம் இல்லை.
திருவந்திபுரத்துத் தீர்த்தக் கிணற்றில் போடுவார்களே,
மிளகு, உப்பு, வெல்லம்,
அதில் ஒரு பொட்டலம் வாங்கிவந்து
வறண்ட குழியில் போட்டாய்.
வெல்லத்தை எறும்பு கொண்டுபோனது.
நான் மேலே ஜெபமாலை உருட்டினேன்,
கறுத்த சிறு மணிகள்.

நாற்பதாம் முழத்தில் பக்கச் சுவர் சரிந்தது.
நீ உள்ளே.
கயிறு என் கையில். மாலையும் அதே கையில்.
மாலை அறுந்து மணிகள் உன்மேல் கொட்டின.
ஜெபத்தை விட்டேன், கயிற்றை விடவில்லை.
உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது.
அப்பா என் இடுப்பைப் பிடித்து இழுக்க
காலனி முழுக்க அப்பாவைப் பிடித்து இழுக்க
மண்ணாங்கட்டி போல வந்து விழுந்தாய்,
வாய் நிறையக் களிமண்.
நாடி பார்த்தார்கள், முகம் துடைத்தார்கள்.
நீதான் காலைக் காட்டினாய்.
முழங்கால்வரை ஈரம்.

யார் கொடுத்த தண்ணீர் என்று
அன்றிரவே ஊர் இரண்டு கட்சி.
எனக்குக் கைக்கட்டுப் போடும் வேலை உனக்கு இருந்தது.
மூன்று வாரம் கழித்து ரிஜிஸ்தர் ஆபீசில்
கட்டைவிரலில் ரேகையே இல்லையே என்று
கிளார்க் முறைத்தான்.
அழுத்தி வை என்றான். அழுத்தி வைத்தேன்.

ஆனால் மறுநாள் காலையைச் சொல்ல வேண்டும்.
முதல் வாளி.
கலங்கலில் கறுப்பாய் இரண்டு மூன்று மிதந்தன,
ஊறிப் பருத்து, மிளகா மணியா தெரியாமல்.
"உன்னோடது" என்றாய்.
"உன்னோடதுதான்" என்றேன்.
அப்பாவைக் கூப்பிட நீ திரும்பிய நேரம்
ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

உறைத்தது.

இத்தனை வருஷமாய்
உன்னிடம் சொல்லவில்லை.