முருகைக்கல் கணக்கு

பண்ணைக் கடல் வற்றிக் கிடந்த ஆனி மாதம்
கோட்டையின் தென்மேற்குக் கொத்தளத்தை அளந்தோம்.
நாடாவின் ஒரு நுனி என்னிடம்,
மறு நுனி குருநகர் நீக்கிலஸிடம்.
"ஆறு மீற்றர் பதினெட்டு" என்று அவன் கத்த
சோளகம் பதினெட்டை மட்டும் கொண்டுவந்து தந்தது.

பரங்கி கட்டியது நாற்சதுரம்.
பின்னால் வந்த ஒல்லாந்தன் அதைப் பிரித்து
ஐங்கோணமாக்கினான்.
நட்சத்திர வடிவம் அழகுக்காக வந்ததில்லை.
ஒரு கொத்தளத்தின் காலடியில் பதுங்குகிறவனை
அடுத்த கொத்தளத்துப் பீரங்கி பார்க்கவேண்டும்.
கண்படாத மூலை ஒன்றும் மிஞ்சாதபடி
கோணமானி வைத்து வரைந்த பயம்.

நூறு வருசத்துக்கு மேல் கட்டினார்கள்.
வெளிமதில் முடிந்து மூன்றாம் வருசம்
இங்கிலிஷ்காரன் வந்தான்.
ஒரு குண்டும் வெடிக்கவில்லை,
சாவி கைமாறியது.

கல் மட்டும் எங்கள் கடலுடையது.
மூளைமடிப்புப் போல ஒன்று, தேனடை போல ஒன்று,
எல்லாம் ஒருகாலம் உயிரோடு இருந்தவை.
சுமந்தவர் பெயர்
நான் பார்த்த எந்த வரைபடத்திலும் இல்லை.
உட்சுவரில் ஒரு தூண்துண்டு,
அதில் தாமரை தலைகீழாய்.
எந்தக் கோயிலில் பிடுங்கியதோ.
நீக்கிலஸ் அதைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.
ஏன் என்றேன். "பழக்கம்" என்றான்.

தொண்ணூறில் முற்றுகை முடிந்ததும்
பிடுங்கப்படுகிற முறை கோட்டைக்கு வந்தது.
பங்கருக்குக் கொஞ்சம், மதிலுக்குக் கொஞ்சம்,
மாட்டுவண்டியிலும் சைக்கிள் கரியரிலும்
கற்கள் ஊருக்குள் திரும்பிப் போயின.

இப்போது திருத்த வேலைக்குக் கல் இல்லை.
கடலில் வெட்டத் தடை.
கோட்டைக் கல் வைத்திருப்போர் ஒப்படைக்கவும் என்று
கச்சேரிச் சுவரில் அறிவித்தல்.
அதைத் தட்டச்சு செய்தது நான்தான்.

கொட்டடியில் எங்கள் கிணற்றடியில்
துணி துவைக்கிற கல்.
மேலே சவர்க்காரம் தேய்த்த வழுவழுப்பு,
கீழே மூளைமடிப்பு.
ஐயா எங்கிருந்து கொண்டுவந்தார் என்று
யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.
நேற்றிரவு டோர்ச் அடித்து அளந்தேன்.
நீளம் நாற்பத்தொன்று, அகலம் இருபத்தாறு.
வடக்குச் சுவரில் இருநூற்றுப் பன்னிரண்டாம் இலக்கப் பொந்துக்கு
ஏறக்குறையச் சரி.
குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்,
பிறகு வெட்டினேன்.

விடிய அக்கா அதன்மேல்
மகனின் பள்ளிக்கூடச் சேட்டை
ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.
வேலைக்கு வந்து புத்தகத்தை விரித்தால்
வெட்டின கோட்டுக்குள்ளும்
இலக்கம் தெரிகிறது.